புள்ளி துடைத்த பெரும்புள்ளி

வாசகரே, இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்து வைக்கிறேன். பயப்பட வேண்டாம், கடிக்காது. சொல்லப்போனால் மிகவும் சாதுவான இனம். பார்த்தவுடன் வணக்கம் சொல்லும், டீ வாங்கித் தரும், உங்கள் வண்டி பஞ்சரானால் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிடும். அதனிடம் ஒரே ஒரு குணம்தான் விசேஷம். நாலு பேர் கூடி உட்கார்ந்து, பேசி, வாதாடி, தொண்டை வறண்டு, கடைசியில் ‘இனி எல்லோரும் இப்படித்தான் செய்வது’ என்று ஒரு முடிவுக்கு வந்தால், அந்த முடிவை முதலில் கைதட்டி வரவேற்பது அதுதான். கூட்டம் கலைந்ததும் முதலில் மீறுவதும் அதுதான். மீறும்போது அதன் முகத்தில் கள்ளத்தனம் துளிகூட இருக்காது. விதி என்பது மற்றவர்களுக்காகப் போடப்பட்டது என்பதில் அதற்கு அவ்வளவு தெளிவு.

இந்த இனம் எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் உண்டு என்றாலும், மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் மட்டும் என்னவோ நன்றாகக் கொழுத்து வளர்கிறது. ஏசி காற்று காரணமாக இருக்கலாம். இதற்கு நான் ‘பெரும்புள்ளி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏன் அந்தப் பெயர் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்குத் தெரிந்த பெரும்புள்ளியின் பெயர் லோகேஸ்வரன். காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பட்டுப் புடவைக்காக வரைகிற அன்னம், மயில், மாங்காய் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எப்போது எந்த நூல் மேலே எழும்ப வேண்டும் என்று தறியின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குச் சொல்கிற மென்பொருளைச் செய்கிறோம். முன்பெல்லாம் அட்டையில் துளை போட்டுச் சொன்னார்கள். இப்போது பென் டிரைவில் போட்டுச் சொல்கிறோம். அங்கே திரையில் வரும் தமிழ்ச் சொற்களை எழுதுவது என் வேலை. ‘சேமி’ என்று போடுவதா, ‘சேமிக்கவும்’ என்று போடுவதா என்று ஒரு முழு நாள் யோசிப்பேன். சாயங்காலம் லோகேஸ்வரன் அதை ‘ஸேவ்’ என்று மாற்றிவிடுவார்.

குழுவின் தலைவி அஞ்சும். கீழே இருக்கிற ஜரிகைக் கடை அவருடைய தந்தை அப்துல் சத்தாருடையது. அந்தக் கடைக்கு வந்து பழகிய நெசவாளர்கள்தான், “பாய் பொண்ணு சொல்லுது, கேட்டுத்தான் பார்ப்போம்” என்று படியேறி மாடிக்கும் வந்தார்கள். ஆகையால் மாடியில் ஒரு கோடு தப்பினால் கீழே கடையில் மானம் போகும். இது அஞ்சுமுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவதாகச் சோதனை பார்க்கும் திரிஷாவுக்குத் தெரியும். லோகேஸ்வரனுக்கும் தெரியும் என்று அவரே பலமுறை கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை அஞ்சும் கூட்டம் போட்டார். ஆளுக்கொரு விதமாக எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பது விஷயம். முதல் பிரச்சினை முந்தானை. நிரலில் அதை ஆங்கில எழுத்தில் எழுதியாக வேண்டும். நடுவில் ‘டி’ மட்டும் போதுமா, ‘டி.ஹெச்.’ வேண்டுமா, அந்த ‘டி’ எந்த ‘டி’, கடைசியில் ‘ஏ.ஐ.’ வருமா, வெறும் ‘ஐ’ போதுமா? தமிழில் அந்த இரண்டு ‘டி’யும் ஒரே எழுத்து என்பதால், ஒரே கட்சிக்காரர்கள் எதிரெதிராக நின்று வெகுநேரம் சண்டை போட்டோம். முடிவு வந்தபோது லோகேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார்.

“இத்தான்பா நம்ம டீம்ல இவ்ளோ நாளா மிஸ்ஸிங். ஸ்டாண்டர்டுன்னா ஸ்டாண்டர்டு. இனிமே எவன் மாத்தி எழுதினாலும் நானே கேப்பேன்.”

மறுநாள் காலை அவர் எழுதியிருந்த நிரலில் முந்தானை மூன்று அவதாரம் எடுத்திருந்தது. ஓரிடத்தில் ‘முந்தானி’. இன்னோரிடத்தில் ‘பல்லு’. மூன்றாவது இடத்தில் ‘பல்லு புதுசு இரண்டு’. ‘பல்லு புதுசு ஒன்று’ எங்கே என்று தேடாதீர்கள், நாங்களும் தேடினோம். திரிஷா அவர் மேஜைக்குப் போனார்.

“அண்ணா, நேத்துதானே பேசி முடிச்சோம்?”

“ஆமாம்மா, பேசினோமே. நல்ல மீட்டிங்.”

“இங்க பல்லுன்னு இருக்குது.”

“பல்லுன்னா முந்தானைதானேம்மா. புரியுது இல்ல? அப்புறம் என்ன?”

கவனியுங்கள். ‘புரியுது இல்ல? அப்புறம் என்ன?’ இதுதான் இந்த இனத்தின் கூவல். மைனாவுக்கு ஒரு குரல், குயிலுக்கு ஒரு குரல், பெரும்புள்ளிக்கு இது. நடைபாதையில் வண்டி ஓட்டினாலும் வீடு போய்ச் சேர்கிறோம் இல்லையா, அப்புறம் என்ன? வரிசையில் நடுவில் புகுந்தாலும் சாமியைப் பார்க்கிறோம் இல்லையா, அப்புறம் என்ன? வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் புறப்படுகிற நாளில் காஞ்சிபுரம் வீதிகளில் வண்டி விடக்கூடாது என்று தடுப்பு வைப்பார்கள். கயிறு கட்டி, குறுக்கே மரம் போட்டு, போலீஸ்காரர் ஒருவரையும் நிறுத்தியிருப்பார்கள். போன வைகாசியில் அந்தக் கயிற்றைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்து, ஒரு குடும்பத்தை நடக்கவிட்டு, “ரூல்ஸ் இருந்தாத்தான்பா ஊரு உருப்படும்” என்று போலீஸ்காரரைப் பாராட்டிவிட்டு, அதே கயிற்றின் அடியில் தன் ஸ்கூட்டரைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போனவர் லோகேஸ்வரன். பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். குனிந்தேன்.

இவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். லோகேஸ்வரன் கெட்டிக்காரர். நாங்கள் நாள்கணக்கில் முட்டி மோதிய கணக்கை டீ ஆறுவதற்குள் போட்டுத் தருவார். நெசவாளர் யாராவது கூப்பிட்டால், சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு ஓடுவார். வாடிக்கையாளர்களுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. திறமை இல்லாதவன் விதியை மீறினால் அதைப் பிழை என்கிறோம், திருத்துகிறோம். கெட்டிக்காரன் மீறினால் அதை ‘அவர் ஸ்டைல்’ என்கிறோம், வேறென்ன செய்வது?

அவருடைய ஸ்டைல்கள் இன்னும் சில உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி. லோகேஸ்வரன் தான் எழுதியதைத் தானே ஒரு தடவை எழுந்து நின்று படித்துப் பார்ப்பார். உட்கார்ந்து எழுதியவர் வேறு, நின்று படிப்பவர் வேறு என்பது அவர் கட்சி. என்ன மாற்றினோம் என்று ஒரு வரி குறித்து வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. எல்லா மாற்றத்துக்கும் அவர் குறிப்பது ஒரே வரி: ‘மைனர் சேஞ்ச்’. ஒருநாள் திரையின் இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றிவிட்டு அப்படித்தான் எழுதியிருந்தார். தற்காலிகமாக வைக்கிற எதற்கும் ‘டெம்ப்ரரி’ என்று பெயர் போடுவார். அலுவலகத்தில் எங்களைவிட நீண்ட நாளாக இருக்கும் சிலவற்றுக்கு அந்தப் பெயர்தான்.

இப்போது துடைப்பத்துக்கு வருகிறேன்.

காகிதத்தில் வரைந்த அன்னத்தை ஸ்கேன் செய்யும்போது தூசியும் சேர்ந்து புள்ளி புள்ளியாகப் பதிவாகும். அது அப்படியே தறிக்குப் போனால், புடவையில் கொசு மொய்த்த மாதிரி அங்கங்கே ஜரிகை தெறிக்கும். ஆகவே தனியாக நிற்கிற சின்னப் புள்ளிகளைத் தேடி அழிக்க ஒரு நிரல் தேவைப்பட்டது. லோகேஸ்வரன் எழுதினார். பெயர் வைக்கும் விதிகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதற்குத் ‘துடைப்பம்’ என்று பெயரிட்டார். அருமையான துடைப்பம்தான், பொய் சொல்லக்கூடாது. தனியாக நிற்கிற எதையும் விடாது.

அதைப் பற்றிய கூட்டத்தில் திரிஷா ஒரு கேள்வி கேட்டார்.

“அக்கா, ‘க்’ மேல இருக்குற புள்ளியும் தனியாத்தானே நிக்குது?”

அஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டில் உருது எழுதிப் படித்தவர். “நல்லவேளை கேட்டே. எங்க உர்துல ஒரு நுக்தா, அதான் புள்ளி, போச்சுன்னா ஆளே வேற ஆயிடுவான். துடைப்பம் படத்துக்கு மட்டும்தான். எழுத்து பக்கம் வரவே கூடாது. பஸ், அவ்ளோதான். இன்னொண்ணு, எந்த மாத்தம் பண்ணாலும் திரிஷா பார்க்காம தறிக்குப் போகக் கூடாது.”

“செம பாயின்ட்பா!” என்று மேஜையைத் தட்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீ கிளாஸ்கள் குதித்தன.

பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரம் என்று ஒரு நெசவாளர். அப்துல் சத்தார் கடையைத் தவிர வேறு கடையில் ஜரிகை எடுக்காதவர். அவருடைய மகள் கீர்த்திக்குத் தாமல் ஊர்ப் பையன் குமரனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவையைத் தன் தறியில் தானே நெய்து கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முந்தானையில் பெயர் வர வேண்டும் என்பது கீர்த்தியின் ஆசை. வெறும் பெயர் போதாது, பத்திரிகையில் அச்சடிக்கிற மாதிரியே ‘திருநிறைச்செல்வி கீர்த்தி’, ‘திருநிறைச்செல்வன் குமரன்’ என்று முழுசாக வர வேண்டும் என்று கலியாணசுந்தரம் மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தை நான் பார்த்தேன். திரிஷா பார்த்தார். அஞ்சும் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் அதனதன் எழுத்தின் தலையில் இருந்தன. பென் டிரைவ் பிள்ளையார்பாளையம் போயிற்று. இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

புடவையின் உடல் நெய்து முடிந்து முந்தானை தொடங்கும் நேரத்தில் கலியாணசுந்தரம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பெயருக்கு மேலே வருகிற அன்னம் கொஞ்சம் இளைத்துத் தெரிகிறது, சற்றே பூசினாற்போல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். போனை எடுத்தவர் லோகேஸ்வரன். திரிஷா சாப்பிடப் போயிருந்தார். அஞ்சும் கீழே கடையில் இருந்தார். கல்யாண வீட்டை எப்படிக் காக்க வைப்பது? நம் ஆள் அன்னத்தைப் பூசினாற்போல் ஆக்கினார். ஆக்கியதில் ஓரத்தில் கொஞ்சம் தூசி தெரிந்தது. துடைப்பத்தை எடுத்தார். அன்னத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கூட்டுவதற்குப் பதிலாக, கூட்டுவது கூட்டுகிறோம் முழு வீட்டையும் கூட்டிவிடலாம் என்று முந்தானை முழுவதும் ஓட்டினார். எழுந்து நின்று தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ‘மைனர் சேஞ்ச்’ என்று குறித்தார். பிறகு தன் பெட்ரோலில் தன் ஸ்கூட்டரில் பிள்ளையார்பாளையம் போய்த் தன் கையாலேயே பென் டிரைவைப் பெட்டியில் செருகிவிட்டு, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தார். எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள்.

தறியில் எழுத்து எப்படி வரும் தெரியுமா? முதலில் கால் வரும். இழை இழையாக உடம்பு ஏறும். பிறகு தலை. தலைக்கும் மேலே இருப்பதால் மெய்யெழுத்தின் புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். கலியாணசுந்தரம் நெய்துகொண்டிருந்தார். எதிர்க்கரையில் ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி கிருஷ்ணம்மாள்.

“இன்னாங்க, ‘செலவி’ன்னு வந்துக்கினு இருக்குது?”

“புள்ளி இன்னும் வரல. மேலதான வரும். இரு.”

இருந்தார்கள். நெய்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கிருஷ்ணம்மாள் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

“எழுத்து முடிஞ்ச மாதிரி இருக்குதே.”

“வரும் இரு. புள்ளி எங்க போயிடும்?”

அதற்கு அடுத்த இழையில் வந்தது அன்னத்தின் கால். நல்ல சதைப்பற்றான கால். கலியாணசுந்தரம் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அஞ்சுமைக் கூப்பிட்டார்.

நாங்கள் எல்லோரும் போனோம். தறிக்கு முன்னால் நின்றோம். அரக்கு நிறப் பட்டில் ஜரிகை எழுத்து அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. கலியாணசுந்தரம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாப்பா, இத கொஞ்சம் வாய்விட்டுப் படிம்மா.”

அஞ்சும் படித்தார். “திருநிறைச... செலவி... கீரததி.” பக்கத்தில் இருந்த பெயரை அவரால் படிக்க முடியவில்லை. அதில் மாப்பிள்ளை ‘செலவன’ ஆகியிருந்தார்.

“கல்யாணம்னா செலவுதான்” என்றார் கலியாணசுந்தரம். “நான் இல்லன்னு சொல்லல. அத பொண்ணு முந்தானையில எழுதித்தான் மணையில உக்கார வெக்கணுமா?”

யாரும் பேசாத இடத்தில் பேசுவதற்கென்றே பிறந்தவர் பேசினார்.

“ஐயா, பேரு எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். பார்த்தா புரியுது இல்ல? அப்புறம் என்ன? பாலாறு தாண்டி திருமுக்கூடல் கோயில்ல போய்ப் பாருங்க. சோழன் கல்வெட்டுலயே புள்ளி வெச்சிருக்க மாட்டான். ஆயிரம் வருஷமா ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணலப்பா.”

சொன்னது தப்பில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. மீறிய பிறகு அதற்கு ஒரு முன்னுதாரணம் கண்டுபிடிப்பதில் இந்த இனத்தை யாரும் மிஞ்ச முடியாது. சாதாரண ஆள் போன வாரத்திலிருந்து எடுப்பான். லோகேஸ்வரன் சோழர் காலத்திலிருந்து எடுத்தார்.

“தம்பி” என்றார் கலியாணசுந்தரம், “என் பொண்ணு கல்வெட்டைக் கட்டிக்கினு கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல.”

அந்த நேரத்தில் கீர்த்தி வந்து சேர்ந்தார். தோளில் பை, பையில் பரீட்சைத் தாள் கட்டு. சொல்ல மறந்துவிட்டேனே, கீர்த்தி பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். புள்ளி விட்டதற்கு மதிப்பெண் குறைத்துக் குறைத்தே மாணவிகளிடம் ‘புள்ளி மிஸ்’ என்று பெயர் வாங்கியவர். அந்த மாணவிகள் அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. அவர் முந்தானையைப் பார்த்தார். வாய்க்குள் ஒரு தடவை படித்தார். பிறகு லோகேஸ்வரனைப் பார்த்தார்.

“சார் எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?”

லோகேஸ்வரன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். கீர்த்தி தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச முடிந்தது; அதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பிரிச்சிடலாமாப்பா?”

“பிரிக்கலாம்மா. ஜரிகை வரும்போது பட்டையும் இழுத்துக்கினுதான் வரும். தடம் விழும். புதுசா பாவு ஓட்டி நெய்யறதுக்கு நாள் இல்ல. கடையில ஒண்ணு எடுத்துக்கலாம். நல்லதாவே எடுத்துக்கலாம்.”

“நீ நெய்ஞ்சத விட்டுட்டு கடைப் புடவை கட்டுவேனா? நான் இதையேதான் கட்டுவேன். செலவின்னு இருந்தா இருந்துட்டுப் போவுது.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே போய் அழுதது வெளியே கேட்டது. எனக்கு அன்று லோகேஸ்வரன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அஞ்சும் சுவரைப் பார்த்து நின்றார். கீழே கடையில் தன் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அப்போது அவர் மனதில் ஓடியிருக்கும்.

பிறகு அஞ்சும் போனை எடுத்துத் தன் அக்கா ஷாஹீனைக் கூப்பிட்டார். ஷாஹீன் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிற கடை வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டதும், “புடவைய முடிச்சு இறக்கிக் குடுக்கச் சொல்லு. நெய்யாத புள்ளிய ஊசியில வெப்போம்” என்றார். புடவை தறியிலிருந்து இறங்கியது. அதே ஜரிகையில் ஒரு நூல்கண்டை அப்துல் சத்தார் தானே எடுத்துக்கொண்டு மகள் கடைக்கு நடந்து வந்தார். ஷாஹீன் ஊசியைப் பிடித்தார். பக்கத்தில் கீர்த்தி உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு, இங்கே, இங்கே என்று விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் விழ விழ, செலவி செல்வியானார். கீரததி கீர்த்தியானார். கலியாணசுந்தரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

லோகேஸ்வரனும் இருந்தார். வராமல் இருப்பாரா? எல்லோருக்கும் டீ வாங்கி வந்ததும் அவர்தான். கிளாஸை நீட்டிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

“ஷாஹீனக்கா, இந்த ‘ல்’ மேல மட்டும் புள்ளிய கொஞ்சம் பெரிசா வெச்சா ஸ்டைலா இருக்கும்.”

“நீ அந்தாண்ட போய் உக்காருப்பா.”

கல்யாணம் நன்றாக நடந்தது. நெய்த எழுத்தின் மேல் தைத்த புள்ளிகள் சற்றே எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் தனியாக மின்னின. மாணவிகள் கூட்டமாக வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குரலில் படித்துவிட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு மிஸ்’ என்று முழு மதிப்பெண் போட்டார்கள். கீர்த்தி சிரித்தார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், தாமலிலிருந்து வந்தவர், முந்தானையைத் தடவிப் பார்த்தார்.

“எழுத்து ஒரு மாதிரி, புள்ளி மட்டும் எடுப்பா இருக்குதே. புது டிசைனாம்மா?”

அஞ்சும் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“ஆமாங்க. நம்ம டிசைன்தான்.”

அடுத்த திங்கட்கிழமை கூட்டம். அஞ்சும் எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார். பிறகு, இனி பெயர் வருகிற எந்தப் புடவையானாலும் கோப்பு வெளியே போகும் வழியையே பூட்டிவிடப் போவதாகவும், திரிஷா திறந்தால்தான் திறக்கும் என்றும் சொன்னார். முதல் கை யாருடையது?

“கரெக்ட்பா. நான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். சில பேருக்கு டிசிப்ளினே இல்ல. அவங்களால டீம் பேரு கெட்டுப்போவுது.” சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், அந்தச் சில பேரைத் தேடுகிற பாவனையில். அவர் பார்வை என்மேல் கொஞ்சம் கூடுதலாகவே தங்கியது.

வாசகரே, அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். அவர் அதை மனதாரச் சொன்னார். அதுமட்டுமல்ல, தவற்றைத் தானே சரிசெய்து தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடியே செய்தார். துடைப்பம் புள்ளியைத் தின்றுவிட்டால், தின்ற இடத்தில் மறுபடியும் புள்ளி வைக்கிற இன்னொரு நிரலை எழுதி, யாரிடமும் காட்டாமல் சேர்த்துவிட்டார். ‘மைனர் சேஞ்ச்’. பெயர் வராத புடவைக்குத்தான் பூட்டு இல்லையே! அந்த நிரலுக்குத் தலை இருக்கிற எதுவுமே மெய்யெழுத்து. அதற்கடுத்த புடவையில் கரை நெடுக வரிசையாகப் போன அன்னங்கள் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பொன் புள்ளி. தமிழ் வரலாற்றில் பறவைகள் மெய்யெழுத்தானது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திரிஷா தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “அண்ணா, அன்னத்துக்கு எதுக்குண்ணா புள்ளி?”

லோகேஸ்வரன் திரையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“திருஷ்டிப் பொட்டு மாதிரி நல்லாத்தான்மா இருக்குது.”

அந்தப் புடவை விற்றுப்போய்விட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாங்கியவர்கள் அதே மாதிரி இன்னொன்று கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதியதும், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, முதலில் லோகேஸ்வரனிடமே படிக்கக் கொடுத்தேன். பெயரை மாற்றவில்லை. ஊரை மாற்றவில்லை. கோபித்துக்கொள்வார், ஒருவேளை திருந்தக்கூடச் செய்வார் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் ஒவ்வொரு வரியாக ரசித்துப் படித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். படித்து முடித்து என் தோளில் தட்டினார்.

“செமயா எழுதியிருக்கபா. எங்க பழைய கம்பெனில ஒருத்தன் அச்சு அசல் இப்படியேதான் இருந்தான்.”

நீங்களும் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் எதிர் மேஜையில் ஒருவர், மைத்துனர் ஒருவர், குடியிருப்போர் சங்கத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிற ஒருவர். நினையுங்கள், தாராளமாக நினையுங்கள். ஆனால் விடைபெறுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. அடுத்த பத்தியை நானே லோகேஸ்வரனின் துடைப்பத்தில் கொடுத்து எடுத்திருக்கிறேன்.

வாசகரே இநதப பததியில ஒரு புளளிகூட இலலை முறறுபபுளளியும இலலை எலலாவறறையும துடைபபம கூடடிககொணடு போயவிடடது ஆனாலும நீஙகள தடஙகல இலலாமல படிததுககொணடே வருகிறீரகள தமிழ உஙகள தாயமொழி அலலவா

படித்துவிட்டீர்களா? சிரமம் ஒன்றும் இல்லையே? ‘அட, புள்ளி இல்லாவிட்டாலும் புரிகிறதே, அப்புறம் என்ன?’ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் திங்கட்கிழமை எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். லோகேஸ்வரனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. கை தூக்குவதில் யார் முந்துகிறீர்கள் என்று பார்க்க நாங்கள் ஆவலாக இருக்கிறோம்.